ஒரு சாண் பள்ளம்

வண்டிப்பெரியாறு
4-1-1976

செல்லாத்தாளுக்கு,

முத்துப்பேச்சி எழுதுகிறேன். பேரைப் பார்த்ததும் பிரிக்காமல் பரண்மேல் எறிந்துவிடாதே. ஐந்து வருஷம் வாயைத் திறக்காதவள் இன்றைக்கு எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். காரியம்தான். ஆனால் எனக்கில்லை.

நான் இங்கே எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். எங்கள் டிவிஷனில் சுருளியம்மாள் என்று பதினாறு வயதுப் பெண் கொழுந்தெடுக்கிறாள். போன மாதம் கொழுந்து எடை போடுகிற கொட்டகையில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். யாருடைய தலைத்துண்டோ காற்றில் பறந்து உத்தரத்தில் போய் மாட்டிக்கொண்டது. கங்காணி கம்பு தேடிப் போனார். இந்தப் பெண் ஓடவில்லை, ஒரு எட்டுக்கூடப் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஒரு துள்ளு. துண்டு கையில் இருந்தது. மேலே போய் அங்கேயே கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வந்தாள், செல்லா. சத்தியமாக. நானும் ஒருகாலத்தில் குதித்தவள். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

விளையாட்டு விடுதிக்கு உயரம் தாண்டுகிற பெண்களை எடுக்கிறார்கள். பதினேழு வயதுக்குள் இருக்கவேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: நின்ற இடத்தில் குதிக்கும் உயரம், குறைந்தது ஐம்பது சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் கூப்பிடவே மாட்டார்கள். விண்ணப்பம் பிப்ரவரி பதினைந்துக்குள் போய்ச் சேரவேண்டும். இதை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை. பங்குனியில் எஸ்டேட் கூலிப் பதிவேட்டில், அந்தச் செக்ரோலில், பேர் பதிந்துவிடுவார்கள். பதிந்துவிட்டால் அவள் ஆயுசுக்கும் இந்த மலைதான்.

சுண்ணாம்பில் கை நனைத்துச் சுவரில் அடித்து அளந்து பார்த்தோம். எழுபது என்று வந்தது. வெல்பேர் ஆபீசர் சிரித்தார். எனக்கும் நம்பிக்கையில்லை. கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்து பழகியவள், நேராக நின்று கையைத் தூக்கச் சொன்னாலும் தோள் இறங்கித்தான் நிற்கிறது. நின்றபடி தொடுகிற கீழ்க்கோடு தப்பானால் எல்லாம் தப்பு. அப்போதுதான் கை, சுவர் ஒன்றும் இல்லாமல் வெறும் நேரத்தை வைத்து அளக்கிற உன் கணக்கு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட ஸ்டாப்வாட்சில் இருபது தரம் எடுத்தேன். அந்தக் கொட்டகை வாசலில் நின்று துள்ளுவாள், கீழே நான் கிழித்த சுண்ணாம்புக் கோட்டில் வந்து நிற்பாள். சராசரி 0.68 நொடி. மேற்கொண்டு என்ன செய்யவேண்டும் என்பது மறந்துபோயிற்று. போட்டு அனுப்பு.

1971-ஐப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. நீயும் எழுதவேண்டாம்.

முத்துப்பேச்சி


கொழிஞ்சாம்பாறை
11-1-1976

அன்புள்ள பேச்சி,

உன் கடிதம் வந்தது. பிரித்தேன். நான் காலேஜ் பரிசோதனைச் சாலையில்தான் வேலை பார்க்கிறேன், பழைய வாட்சுகளுக்கு நடுவில்.

கணக்கு இதுதான். காற்றில் இருந்த நேரத்தை அதாலேயே பெருக்கி, வந்ததை 1.225-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் வரும். உன் 0.68-க்கு 56 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. பொத்தானை அமுக்க உனக்கு ஆகும் தாமதம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஒன்றையொன்று அடித்துவிடும். இருபது தரம் எடுத்தது நல்ல காரியம்.

மேலே போய் அங்கேயே இருந்தாள் என்று எழுதியிருந்தாய். ஒரு கணம்கூட எவளும் அங்கே இருக்கமுடியாது. ஆனால் நீ கண்டதும் பொய்யில்லை. எவ்வளவு உயரம் குதித்தாலும் காற்றில் இருக்கும் நேரத்தில் சரிபாதி, உச்சியை ஒட்டிய கால்வாசி உயரத்துக்குள்ளேயே கழிகிறது. அதனால்தான் நல்ல குதிப்பு நின்றுவிட்ட மாதிரி தெரியும். இதைப் புஸ்தகத்தில் எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். உன் வரியைப் படித்தபோதுதான் அந்தப் பெண்ணைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது.

ஆனால் ஒரு வார்த்தை இடிக்கிறது, பேச்சி. "கீழே" கோட்டில் வந்து நிற்பாள் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு கீழே? ஏறின மட்டத்திலேயே இறங்கினால்தான் இந்தக் கணக்குச் செல்லும். இறங்கும் இடம் பள்ளமாக இருந்தால் விழுகிற நேரம் கூடும். கூடின நேரத்தையெல்லாம் கணக்கு அவள் காலுக்கு வரவு வைத்துவிடும். உங்கள் ஊரில் சமதரை என்று ஒன்று உண்டா என்றே எனக்குத் தெரியாது. ஒரு சாண் தாழ்வு என்று வைத்துப் பார்த்தேன். உயரம் நாற்பத்தாறாக இறங்கிவிட்டது.

சமதரையில் மறுபடி எடு. சமம் என்று கண்ணால் தீர்மானிக்காதே. எங்கள் அண்ணன் குப்பண்ணனிடம் கேட்டேன். கடலைக்காட்டில் நின்றுகொண்டு சொன்னார்: "ஏம்புள்ள, கண்ணுல பாத்தா எல்லாம் சமமாத்தான் இருக்கும். தண்ணிய உட்டுப் பாரு, அது சொல்லும்."

50 இல்லாமல் கட்டத்தில் 50 என்று எழுதாதே. அங்கே போய் அத்தனை பேர் முன்னால் குறைந்தால் அது அவளுக்குத்தான் அவமானம்.

செல்லாத்தாள்


வண்டிப்பெரியாறு
20-1-1976

செல்லாத்தாளுக்கு,

கொட்டகை வாசலுக்கும் என் கோட்டுக்கும் சரியாக ஒரு சாண் இறக்கம். மழைத்தண்ணீர் ஓட வாட்டம் வைத்த தரை. நான் இந்த மலையில் பிறந்தவள். காலுக்கடியில் சாய்ந்திருந்தால்தான் எனக்குத் தரை. நீ நூற்றைம்பது மைலுக்கு அப்பால் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்துவிட்டாய். சந்தோஷமா?

பொங்கல் கழிந்து சுருளியை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். குளுகோஸ் பாட்டிலைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தேன், உருளவில்லை. மறுபடி இருபது தரம். 0.61. நீ சொன்ன அதே நாற்பத்தாறு. நாலு சென்டிமீட்டர் குறைவு. நாலு விரல்கூட இல்லை.

அதைக் கேட்டு அவள் அம்மா அழகுத்தாய் ஒன்றும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "விட்ருங்க டீச்சர். பங்குனியில பேரு பதிஞ்சிருவோம். ஆசைப்பட்டோம், அம்புட்டுத்தான்" என்றாள். சுருளி கூடையை மாட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள்.

நீ எழுதவேண்டாம் என்றேன். இப்போது நானே எழுதுகிறேன். 71-ல் காலேஜ் விளையாட்டு மீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் இதே கணக்கைப் போட்டு, பேச்சி, நீ ஒன்றே நாற்பத்தைந்து மீட்டர் தாண்டுவாய், கீழ் உயரங்களில் காலை வீணாக்காதே, நேராக நாற்பத்தைந்தில் இறங்கு என்றாய். இறங்கினேன். மூன்று தரமும் கம்பு விழுந்தது. கீழே ஒன்றும் தாண்டாததால் என் பேருக்கு நேரே ஒரு எண்கூட இல்லாமல் போயிற்று. உன் கணக்குப் பொய் என்று ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். ஹாஸ்டல் கூடத்தில் நாற்பது பேர் கேட்க நீ என்ன சொன்னாய்? "கணக்கு பொய் சொல்லாது. உன் காலுதான் பயந்துபோச்சு." அதற்குப்பிறகு நான் குதிக்கவில்லை. உன்னோடு பேசவும் இல்லை.

இன்றைக்கு இன்னொரு பெண். காலை ஏழு மணிக்குப் பனியில் மலையேறி, நனைந்த படங்கோடு அரைநாள் நின்று கொழுந்தெடுத்து, சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு வந்து இருபது தரம் துள்ளினாள். நீ சிலேட்டை எடுத்து நாற்பத்தாறு என்று எழுதிவிட்டாய். உன் கணக்கு என்றைக்கும் ஜெயிக்கும் செல்லா. குதிக்கிறவள்தான் தோற்பாள்.

பேச்சி


கொழிஞ்சாம்பாறை
25-1-1976

பேச்சி,

71-க்கு இப்போது பதில் எழுதவில்லை. பிப்ரவரி பதினைந்துக்கு அதிக நாளில்லை, முதலில் இதைச் சொல்.

படங்கு என்றால் என்ன?

சிரிக்காதே. எங்கள் பக்கம் அந்த வார்த்தை இல்லை. உடுப்பா, கட்டுவதா, சுமப்பதா? நனைந்தது என்று எழுதியிருக்கிறாய். நனைந்தால் எவ்வளவு கனம்? குதிக்கும்போதும் அது அவள் மேல் இருந்ததா? வேறு என்னென்ன இருந்தது?

இருந்தது என்றால் அந்த நாற்பத்தாறு அவளுடைய உயரம் இல்லை. அவளும் அந்தப் பாரமும் சேர்ந்து ஏறிய உயரம். உனக்குத் தராசுக்கா பஞ்சம்? கொழுந்து எடை போடுகிற தராசில் அதைத் தனியாகப் போட்டு எனக்கு எழுது. அதற்கு முன்னால் அதைக் கழற்றி வைத்துவிட்டு, அதே வராந்தாவில், அதே வாட்சில் இருபது தரம் எடு. என் பதிலுக்காகக் காத்திருக்காதே.

அரைநாள் வேலை செய்து களைத்த காலில் நாற்பத்தாறு, அதுவும் நனைந்த பாரத்தோடு. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். எனக்கு அவள்மேல் ரொம்ப மதிப்பாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்.

செல்லாத்தாள்


வண்டிப்பெரியாறு
2-2-1976

அன்புள்ள செல்லா,

வாசலில் நின்றே படித்தேன். படங்கு என்றால் என்ன என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது.

படங்கு என்பது இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுற்றிக் கட்டுகிற கெட்டிச் சாக்கு. தேயிலைச் செடியின் குச்சி கிழிக்காமலிருக்க. பனியில் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். முதுகில் கம்பளி வேறு, அதுவும் ஈரம். என் அம்மா கட்டியிருந்தாள், அவள் அம்மாவும் கட்டியிருந்தாள். இங்கே ஒரு பெண்ணைப் பார்த்தால் படங்கைத் தனியாக யாரும் பார்ப்பதில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்கிறது என்னைத்தான்.

அதோடு இன்னொன்று. சாயங்காலம் எடை முடியுமுன் படங்கை அவிழ்த்தால் வேலையை விட்டுவிட்டதாகக் கணக்கு. நடுவில் அவிழ்த்தவளுக்கு அரைநாள் கூலிதான் விழும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் வந்து குதித்தவள் அதை அவிழ்க்கவே இல்லை. நானும் அவிழ்க்கச் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை தராசில் போட்டோம். படங்கும் கம்பளியும் சேர்ந்து நாலு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. தராசுக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, இத்தனையையுமா சுமந்துக்கிட்டுத் திரியுறீக என்று கேட்டார். முப்பது வருஷமாக அந்தத் தராசுக்கு எதிரே நிற்கிற மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாள். சுருளி பாவாடையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வந்தாள். லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் பாதிப்பேர் வராந்தா ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் துள்ளலில் அவளே பயந்துபோனாள். எதிர்பார்த்ததைவிட மேலே போய்விட்டாள் போலிருக்கிறது. இறங்கி என்னைப் பார்த்து, "டீச்சர், எங்காலு எங்கிட்ட சொல்லாமப் போகுது" என்றாள். கிழவிகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

இருபது தரம். 0.66. நானே பெருக்கினேன், மூன்று தரம் பெருக்கினேன். ஐம்பத்துமூன்று.

கட்டத்தில் 53 என்று எழுதினேன். அழகுத்தாய் ரேகை வைத்தாள். தபாலில் சேர்த்தாயிற்று.

ஒன்று கேட்கவேண்டும். என் முதல் கடிதம் முழுப்பக்கத்துக்கு இருந்தது. அதில் "கீழே" என்கிற ஒரு வார்த்தை எப்படி உன் கண்ணில் குத்தியது? நான் வாசலில் நின்று பார்த்தவள், எனக்குத் தெரியவில்லையே.

உன்
பேச்சி


கொழிஞ்சாம்பாறை
9-2-1976

அன்புள்ள பேச்சி,

ஐம்பத்துமூன்று என்று படித்ததும் பரிசோதனைச் சாலையில் தனியாக நின்று கைதட்டினேன். கூட வேலை பார்க்கிற பூவாத்தாள் என்னவென்று வந்து எட்டிப் பார்த்தாள். சொன்னேன். அவளும் தட்டினாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இது நாலாவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

அந்தத் தப்பை நான் முன்பே ஒருதரம் செய்திருந்தேன். அதனால் குத்தியது.

71-ல் உன் நேரத்தைக் காலேஜ் மைதானத்து மணல்குழியில்தானே எடுத்தேன். நீ கெட்டித்தரையிலிருந்து கிளம்பினாய், மணலில் இறங்கினாய். இரண்டும் ஒரே மட்டம் என்று நினைத்தேன். கண்ணுக்கு அப்படித்தான் இருந்தது. நீ ஹாஸ்டலைக் காலிசெய்து போன பதினைந்தாம் நாள் கோடைமழை கொட்டியது. மறுநாள் மைதானத்தைக் கடந்து போனேன். குழி நிறையத் தண்ணீர். விளிம்பு வரைக்கும் நின்றது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். மணலைத் தொட ஒரு சாண் இறங்கவேண்டியிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து போட்டேன். நீ தாண்டக்கூடியது ஒன்றே நாற்பத்தைந்து இல்லை. ஒன்றே முப்பத்தைந்து. அன்றைக்கு இரண்டாம் இடம் வாங்கியவள் தாண்டியது ஒன்றே முப்பத்திரண்டு. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த இடம் உன்னுடையது.

உன் விலாசம் என்னிடம் இருந்தது. முதல் மாதம் வெட்கத்தால் எழுதவில்லை. அப்புறம் இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்பாயே என்று எழுதவில்லை. அப்புறம் வருஷங்கள் ஆகிவிட்டன. உன் ஜனவரிக் கடிதத்தில் கீழே என்று படித்தபோது காது சுட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் சுருளியின் கணக்கைத் திருத்துகிற கெட்டிக்காரியாகவே இருந்துகொண்டேன்.

என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

செல்லாத்தாள்


வண்டிப்பெரியாறு
14-3-1976

செல்லா,

ஒரு மாதம் எழுதாமல்தான் இருந்தேன். வேண்டுமென்றேதான்.

முதலில் நல்ல சேதி. ஏழாம் தேதி தேர்வு. சுருளியும் அழகுத்தாயும் நானும் முதல் பஸ்ஸில் போனோம். பதினாலு பெண்கள். மற்றவர்கள் காலில் பூட்ஸ், இவள் வெறுங்கால். நின்று குதிக்கிற அளவில் ஐம்பத்திரண்டு கொடுத்தார்கள். உன் கணக்குக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு, மன்னித்துவிட்டேன். அப்புறம் கம்பு வைத்தார்கள். அதற்கு முன்னால் நான் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: எந்த உயரத்தையும் விடாதே, ஒவ்வொன்றாக ஏறு. ஒன்றே பத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறினாள். ஒன்றே முப்பத்தெட்டில் கம்புக்குமேல் அவள் இருந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். நீ எழுதின மாதிரி உச்சியிலேயே பாதி நேரம். நடுவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார். நாலாவது இடம். ஆறு பேரை எடுத்தார்கள். திரும்பி வரும்போது அழகுத்தாய் பஸ்ஸில் வழிமுழுக்க அழுதாள். செக்ரோலில் பேர் பதியவில்லை. ஜூன் மாதம் விடுதிக்குப் போகிறாள்.

இனி உன் கடிதம். படித்தபோது எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். குழி பள்ளமாக இருந்ததற்கு இல்லை. அது யாருக்கும் நேரும், எனக்கே நேர்ந்தது. பதினைந்தாம் நாளே தெரிந்தும் ஐந்து வருஷம் சொல்லாமலிருந்தாயே, அதற்கு. இந்த ஐந்து வருஷமும் என் கால் பயந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். சுருளிக்குக்கூட ஒருதரம் நான் தாண்டிக் காட்டியதில்லை. வாயால்தான் சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் வராந்தாவுக்குப் பின்னால் கயிறு கட்டச் சொன்னேன். ஒன்றே பதினைந்து. இருபத்தாறு வயதுப் பொம்பிளை, புடவையைச் செருகிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது தரத்தில் தாண்டினேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது.

உன் கடிதத்தை எத்தனையோ தரம் படித்துவிட்டேன். குழியைப் பற்றி எழுதியிருக்கிறாய், மழையைப் பற்றி, வெட்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் நீ இன்னும் திருப்பி வாங்கவில்லை. நாற்பது பேர் கேட்கச் சொன்னாய். ஆகையால் கவரில் வைத்து ஒட்டி அனுப்பாதே. கார்டில் எழுது. போஸ்ட்மேன் படிக்கட்டும், கங்காணி படிக்கட்டும், லயத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் எல்லாரும் படிக்கட்டும்.

பேச்சி


(தபால் கார்டு)

கொழிஞ்சாம்பாறை
19-3-1976

முத்துப்பேச்சிக்கு,

உன் கால் பயப்படவில்லை. என் கணக்குத்தான் தப்பு. பயந்தவள் நான்.

இந்தக் கார்டை எழுதி, தபாலில் போடுமுன் பரிசோதனைச் சாலையில் எல்லாரையும் நிறுத்தி உரக்கப் படித்துக் காட்டினேன். பதினொரு பேர் இருந்தார்கள். மீதி இருபத்தொன்பது பேருக்கு உங்கள் லயம்.

ஏப்ரல் லீவுக்கு வருகிறேன். கயிற்றை அவிழ்த்துவிடாதே.

செல்லாத்தாள்